டேவிட் சிப்பர்ஃபீல்டின் கட்டடங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: வரைபலகை

அனைவருக்கும் வணக்கம். நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இன்று பணியாற்றிவரும் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் ஒருவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டும் என்று எங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கட்டடக்கலையின் மிக உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2023ஆம் ஆண்டில் பெற்றவர் என்பதால் டேவிட் சிப்பர்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வாரங்களாகப் படங்களையும் வரைபடங்களையும் பார்த்துவருகிறேன். பார்க்கப் பார்க்கத் தெளிவு வருவதற்குப் பதிலாகக் குழப்பமே கூடுகிறது.

நார்மன் ஃபாஸ்டரின் கட்டடத்தை அதன் எஃகும் கண்ணாடியும் காட்டிக்கொடுத்துவிடும். ரிச்சர்ட் ரோஜர்ஸின் கட்டடத்தில் குழாய்களும் மின்தூக்கிகளும் வெளிப்புறத்திலேயே தெரியும். ஸாஹா ஹதீதின் வளைவுகளைச் சிறுவர்கூட அடையாளம் காண்பார்கள். சிப்பர்ஃபீல்டிடம் அப்படி ஒரு கையெழுத்து எனக்குத் தென்படவில்லை. ஹென்லியில் மரப்பலகை போர்த்திய கூடம், வாலென்சியாவில் வெள்ளைத் தட்டுகளை அடுக்கியதுபோன்ற மாடம், ஜப்பானில் செம்மண் நிறக் கான்கிரீட்டில் ஒரு மயானச் சிற்றாலயம், பெர்லினில் ஏறக்குறைய பழைய கட்டடமாகவே நிற்கும் ஓர் அருங்காட்சியகம் என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு கை வரைந்ததுபோல இருக்கிறது. இவற்றை இணைக்கும் இழை எது? ஓர் ஆங்கிலேயரின் பெரும்பணிகள் ஏன் ஜெர்மனியில் இருக்கின்றன? ஒரே ஒரு கட்டடத்தை மையமாக வைத்து எழுதுவதென்றால் எதை எடுத்துக்கொள்வீர்கள்? அறிந்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கற்சுவர்

வரைபலகை அவர்களுக்கு, உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்ளேயே இருக்கிறது. பெர்லினின் நோயெஸ் மியூசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த நகரத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை முறை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, போகும் ஒவ்வொரு முறையும் காட்சிப்பொருள்களைவிடச் சுவர்களையே அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்த அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் ஃப்ரீட்ரிஷ் அவுகுஸ்ட் ஷ்டூலர். 1843இல் தொடங்கி 1855 வரை கட்டினார்கள். ஷ்ப்ரே ஆற்றுக்கு நடுவிலுள்ள தீவின் இளகிய மண் பெரும் பாரத்தைத் தாங்காது என்பதால், வார்ப்பிரும்பும் உள்ளீடற்ற சுடுமண் கலயங்களும் கொண்டு கூரை வளைவுகளை எடை குறைத்துக் கட்டினார் ஷ்டூலர். அக்காலத்தில் அது மிகப் புதுமையான தொழில்நுட்பம். 1943, 1945 ஆகிய ஆண்டுகளின் குண்டுவீச்சில் நடு மண்டபத்துப் பெரும்படிக்கட்டு எரிந்தழிந்தது, வடமேற்குப் பக்கம் இடிந்து விழுந்தது. அதன்பிறகு பல பத்தாண்டுகள் அது கூரையில்லாமல் மழையிலும் பனியிலும் கிடந்தது, சுவர்களுக்கிடையே மரங்கள் முளைத்தன.

ஜெர்மனி ஒன்றிணைந்த பின் நடந்த முதல் போட்டியில் இத்தாலியரான ஜார்ஜோ கிராஸி முதலிடம் பெற்றார், சிப்பர்ஃபீல்டு இரண்டாமிடம். கிராஸியின் திட்டம் நிறைவேறவில்லை. மீண்டும் ஆய்ந்து, 1997இல் பணியைச் சிப்பர்ஃபீல்டிடம் ஒப்படைத்தார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதில் தேர்ந்த ஜூலியன் ஹாரப் அவருடன் சேர்ந்துகொண்டார். 2009 அக்டோபரில் அருங்காட்சியகம் திறக்கப்படும்வரை 12 ஆண்டுகள் ஓடின.

அவர்கள் முன்னால் இரண்டு எளிய வழிகள் இருந்தன. ஷ்டூலரின் வரைபடங்களைப் பார்த்து அழிந்ததையெல்லாம் அச்சு அசலாக மறுபடி கட்டிவிடலாம். அல்லது மிஞ்சிய சுவர்களை ஒரு சட்டகமாக வைத்துக்கொண்டு முற்றிலும் புதிய ஒன்றை நுழைத்துவிடலாம். இரண்டையும் அவர்கள் மறுத்தார்கள். செல்லரித்த ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் நேர்மையான பதிப்பாசிரியர், அழிந்துபோன எழுத்துகளின் இடத்தில் புள்ளியிட்டுவிடுவார். தாமே ஒரு சீரை எழுதிச் சேர்த்து, அதைப் பழம்புலவர் தலையில் ஏற்ற மாட்டார். நோயெஸ் மியூசியத்தில் நடந்தது ஏறக்குறைய அதுதான், ஒரே ஒரு வேறுபாட்டுடன்: கட்டடத்தில் இடைவெளியை வெற்றிடமாகவே விட முடியாது, மழை உள்ளே வரும். ஆகவே நிரப்பியே ஆக வேண்டும், ஆனால் நிரப்பியது எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இடிந்த வடமேற்குப் பகுதியை வேறு இடங்களில் மீட்ட பழைய செங்கற்களைக் கொண்டு, பழைய உயரத்துக்கும் அளவுக்கும் எழுப்பினார்கள், ஆனால் அதில் அலங்காரம் எதையும் சேர்க்கவில்லை. தூணில் காரை உதிர்ந்த இடம் உதிர்ந்தபடியே உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறது. ஓவியத்தில் பாதி போயிருந்தால் மீதிப் பாதி மட்டும் இருக்கிறது, பக்கத்திலுள்ள வெறுமை கண்ணை உறுத்தாதபடி அதன் நிறம் மட்டும் பதப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அறையும் வெவ்வேறு அளவில் சிதைந்திருந்ததால் எல்லா அறைகளுக்கும் ஒரே விதி பொருந்தவில்லை; ஒவ்வொரு சுவரையும் தனித்தனியே பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

படிக்கட்டு மண்டபத்தைப் பற்றி மட்டும் நீங்கள் நாலு பக்கம் எழுதலாம். பழைய படிக்கட்டு இருந்த அதே இடத்தில், அதே போக்கில், வெள்ளை சிமென்டில் சாக்சனிப் பளிங்குச் சில்லுகள் கலந்து வார்த்த புதிய படிக்கட்டு ஏறுகிறது. வடிவம் ஷ்டூலருடையது, அணிகலன்கள் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் பெரிய சுவரோவியங்கள் நிறைந்திருந்த சுவர்கள் இன்று வெறும் செங்கல்லாக நாற்புறமும் உயர்ந்து நிற்கின்றன. அழிவையும் அதற்குப் பிந்தைய அமைதியையும் ஒரே பார்வையில் உணரவைக்கும் இடம் இதைப்போல வேறொன்றை நான் கண்டதில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. பழையபடியே கட்டித்தர வேண்டும் என்று குடிமக்கள் அமைப்பொன்று கையெழுத்து இயக்கம் நடத்தியது. போரின் காயத்தை எதற்காக ஓர் ஆங்கிலேயர் எங்கள் சுவரில் நிலைநிறுத்த வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் அற்பமானதாக நினைக்கவில்லை. ஆனால் 2009 மார்ச்சில், காட்சிப்பொருள்கள் வந்துசேர்வதற்கு முன் வெறும் கட்டடத்தைப் பார்வைக்குத் திறந்தபோது மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்து உள்ளே போனார்கள். 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலைப் பரிசான மீஸ் வான் டெர் ரோஹ விருது அதற்குக் கிடைத்தது.

நீங்கள் தேடும் கையெழுத்து இதுதான் என்பது என் கருத்து. அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைத் தீர விசாரித்த பிறகே தாம் சேர்க்க வேண்டியதை முடிவுசெய்கிறார். வடிவத்தில் தேடினால் அது கிடைக்காது.

மறுமொழி: நீர்க்கரை

கற்சுவர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அங்கிருந்தே தொடங்கினால் சிப்பர்ஃபீல்டு பழைய சுவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர் என்ற எண்ணம் வந்துவிடும் என்பதால், அதற்கு முந்தைய 20 ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரைபலகை கேட்ட “ஏன் ஜெர்மனி” என்ற கேள்விக்கும் அங்கேதான் வேர் இருக்கிறது.

1953இல் லண்டனில் பிறந்து, டெவன் பகுதியில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். கிங்ஸ்டனிலும் பின்னர் லண்டனின் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியிலும் படித்தார். டக்ளஸ் ஸ்டீவன், ரிச்சர்ட் ரோஜர்ஸ், நார்மன் ஃபாஸ்டர் ஆகியோரின் அலுவலகங்களில் வேலை பார்த்துவிட்டு 1985இல் தனி அலுவலகம் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பு, ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேவுக்காக லண்டனின் ஸ்லோன் தெருவில் ஒரு கடையின் உள்ளமைப்பைச் செய்தார். அந்தச் சிறு வேலைதான் அவரை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது. சீபாவில் ஒரு தனியார் அருங்காட்சியகம், கியோட்டோவில் டொயோட்டாவுக்கான ஒரு கட்டடம், ஒகயாமாவில் ஒரு நிறுவனத்தின் தலைமையகம் என்று அவருடைய முதல் முழுக் கட்டடங்களில் பல அங்கேதான் எழுந்தன. கான்கிரீட்டை ஒரு மேற்பரப்பாக மதிக்கும் பழக்கம் அவருக்கு அங்கு வாய்த்தது என்று ஊகிப்பதில் தவறில்லை.

தாய்நாட்டில் ஏன் வேலை கிடைக்கவில்லை? 1980களின் பிரிட்டனில் நவீனக் கட்டடக்கலைக்கு எதிரான காற்று பலமாக வீசியது. அன்று இளவரசராக இருந்த சார்ல்ஸ், 1984இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அமைப்பான ராயல் இன்ஸ்டிட்யூட்டின் 150ஆம் ஆண்டு விழா மேடையிலேயே நவீனக் கட்டடங்களைக் கடுமையாகச் சாடினார். ஒரு சிறு நவீன வீட்டுக்கு அனுமதி வாங்குவதற்கே போராட வேண்டியிருந்த காலம் அது. அரசுப் பணத்தில் பண்பாட்டுக் கட்டடங்களைத் திறந்த போட்டிவழி ஒப்படைக்கும் வழக்கம் ஜெர்மனியில் வேரூன்றியிருந்தது, பிரிட்டனில் அந்த வாய்ப்பு குறைவு. பெயர் பெறாத ஓர் இளைஞர் வரைபடத்தின் வலிமையால் மட்டும் வெல்லக்கூடிய களம் அங்கேதான் இருந்தது.

இங்கிலாந்தில் அவருடைய முதல் பெரிய பொதுக்கட்டடம் ஹென்லியின் ஆற்று மற்றும் துடுப்புப் படகு அருங்காட்சியகம். 1989இல் தொடங்கிய அந்த வேலை 1997இல்தான் முடிந்தது. தேம்ஸ் ஆற்றின் வெள்ளம் ஏறும் புல்வெளியில், தரைத்தளத்தைக் கண்ணாடியால் திறந்துவிட்டு, மேலே ஓக் பலகை போர்த்திய நீண்ட கூடங்களைச் சரிந்த கூரையோடு தூக்கி நிறுத்தினார். அக்கம்பக்கத்துப் படகுக் கொட்டகைகளும் தானியக் களஞ்சியங்களும் அதில் அப்படியே தெரிகின்றன, ஆயினும் எதன் நகலும் இல்லை. நோயெஸ் மியூசியத்தில் பழைய சுவரைக் கேட்டறிந்த அதே மனிதர், இங்கே சுற்றுவட்டாரத்தின் கொட்டகைகளைக் கேட்டறிந்திருக்கிறார்.

பிறகு 2006இல், கவிஞர் ஷில்லர் பிறந்த மார்பாஹ் ஊரில் நவீன இலக்கிய அருங்காட்சியகம் வந்தது. காஃப்காவின் கையெழுத்துப் பிரதி முதலானவை அங்கு இருக்கின்றன. பழைய தாள்கள் வெளிச்சத்தைத் தாங்காது என்பதால் காட்சியறைகள் குன்றுக்குள் இறங்கி, கருநிற மரச்சுவர்களுக்கிடையே மங்கிய விளக்கொளியில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு மட்டத்திலும் நெக்கர் பள்ளத்தாக்கை நோக்கிய திறந்த திண்ணையும் மெலிந்த கான்கிரீட் தூண்களும் உண்டு. இருட்டில் ஓர் ஏட்டைப் படித்துவிட்டு வெளியே வந்தவுடன் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரிகிறது. பிரிட்டனின் முதன்மையான கட்டடக்கலை விருதான ஸ்டெர்லிங் பரிசு, 2007இல் பிரிட்டனுக்கு வெளியே நிற்கும் இந்தக் கட்டடத்துக்குத்தான் போனது. நான் மையமாக எழுதுவதென்றால் இதையே எடுப்பேன். நோயெஸ் மியூசியத்தில் ஷ்டூலர் பாதி வேலையை முடித்துவைத்துவிட்டார். மார்பாஹில் சிப்பர்ஃபீல்டு தனியாக நிற்கிறார்.

மறுமொழி: சாளரம்

இருவரும் அன்போடு எழுதியிருக்கிறீர்கள். மாணவருக்கு மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மார்பாஹின் அந்தத் தூண்வரிசையைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் பள்ளத்தாக்கு மட்டும் நினைவுக்கு வருவதில்லை. சதுரத் தூண்கள், தட்டைக் கூரை, அணியில்லாத கல் என்ற சேர்க்கை ஜெர்மனியில் 1930களின் அரசுக் கட்டடங்களை நினைவூட்டும். சிப்பர்ஃபீல்டு அந்த மொழியைக் கையாள்வதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அந்த மண்ணில் அது எளிய மொழி இல்லை. இதைவிடக் கூர்மையான உதாரணம் மியூனிக்கின் ஹௌஸ் டெர் குன்ஸ்ட். நாஜி அரசு 1937இல் திறந்த கலைக்கூடம் அது. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்ற சிப்பர்ஃபீல்டு, போருக்குப் பின் அதன் முகப்பை மறைத்து நடப்பட்ட மரங்களை அகற்றலாம் என்ற முன்மொழிவை வைத்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. கட்டடத்தை மறைக்காமல் அதன் வரலாற்றோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்பது அவர் தரப்பு. அந்த முகப்புக்கு மீண்டும் மரியாதை தருவதாகவே அது முடியும் என்பது எதிர்த்தரப்பு. இந்த விவாதத்தில் நான் எதிர்த்தரப்பில் இருக்கிறேன். மரங்களை நட்டதும் வரலாறுதானே! நோயெஸ் மியூசியத்தில் குண்டு துளைத்த தடத்தைக் காப்பாற்றியவர், இங்கே போருக்குப் பிந்தைய தலைமுறையின் வெட்க உணர்வையும் அதே கவனத்தோடு காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஹாம்பர்கின் எல்ப்டவர். 245 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட கோபுரம், முதலீட்டாளரின் நிதி நெருக்கடியால் 2023 இறுதியில் ஏறக்குறைய 100 மீட்டரில் நின்றுபோனது. நின்றுபோனதற்கு வடிவமைத்தவர் பொறுப்பில்லை. ஆனால் பொதுநலன், நிதானம், நீடித்த பயன்பாடு என்று பேசுபவரின் அலுவலகமே இத்தகைய ஊகமுதலீட்டுக் கோபுரத்தையும் வரைந்தது என்பதை உங்கள் கட்டுரை கடந்துபோகக் கூடாது.

வரைபலகை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கற்சுவர் ஐயா, உங்கள் ஏட்டுச்சுவடி ஒப்புமை என் குழப்பத்தில் பாதியைத் தீர்த்துவிட்டது. நோயெஸ் மியூசியத்தையே மையமாக வைத்துக்கொள்ளப்போகிறேன். ஒரே ஒரு ஐயம். எங்கும் சிதைவே இல்லாமல், முழுதாக நிற்கும் கட்டடத்தை அவர் கையில் கொடுத்தால் இதே முறை என்னவாகும்? மேலும், நான் இப்போது லண்டனில் படிப்பதால், நேரில் போய்ப் பார்க்கக்கூடியவை எவை என்றும் சொல்ல முடியுமா?

மறுமொழி: கற்சுவர்

நல்ல கேள்வி. அதற்கு விடையும் பெர்லினிலேயே இருக்கிறது. கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹ வடிவமைத்த நோயே நாட்சியோனால்கேலரி என்ற கலைக்கூடம் 1968இல் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டில் கண்ணாடிகள் விரிசல்விட்டன, எஃகு துருவேறியது, கான்கிரீட் பழுதடைந்தது. ஆனால் ஒவ்வொரு விளிம்பும் மீஸ் நினைத்தபடியே நின்ற கட்டடம் அது. அங்கே புதியது தனித்துத் தெரிந்தால் அதுவே பிழை. சிப்பர்ஃபீல்டின் அலுவலகம் சுமார் 35,000 உறுப்புகளைக் கழற்றி, எண்ணிட்டு, செப்பனிட்டு, மீண்டும் அதே இடத்தில் பொருத்தியது. உடைகளையும் பைகளையும் வைக்கும் இடத்தையும் புத்தகக் கடையையும் நிலத்தடியில் பழைய கிடங்கு இருந்த அறைகளுக்கு நகர்த்திவிட்டு, புதிய கிடங்கைக் கட்டடம் நிற்கும் மேடைக்கு அடியில் மண்ணுக்குள் கட்டினார்கள். 2021இல் மீண்டும் திறந்தபோது முன்பு பார்த்தவர்கள் என்ன மாறியது என்று தேட வேண்டியிருந்தது. வேலை தொடங்குவதற்கு முன் 2014இல் அவர் அந்தக் கண்ணாடிக் கூடத்துக்குள் 144 மரத்தண்டுகளைத் தூண்களாக நிறுத்திய ஒரு கண்காட்சியை வைத்தார். எட்டுத் தூண்கள் மட்டுமே தாங்கும் அந்தக் கூரையின் கீழே ஒரு காடு நின்றது. வேலையைத் தொடுவதற்கு முன் அந்தக் கூடத்தைத் தாமே அளந்து பார்த்துக்கொண்டதுபோல எனக்குத் தோன்றியது.

சாளரம் சொன்ன மியூனிக் விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஜேம்ஸ் சைமன் கேலரியின் கதையையும் சேருங்கள். நோயெஸ் மியூசியத்தை ஒட்டி நுழைவுக் கட்டடமாக அவர் முதலில் முன்வைத்த கண்ணாடிப் பெட்டிகளைப் பெர்லின் மக்கள் ஏற்கவில்லை. அவர் வரைபடத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மீண்டும் தொடங்கினார். 2019இல் திறந்த கட்டடத்தில் உயரமான அடித்தளத்தின் மேல், மிக மெலிந்த வெண்தூண்கள் நெருக்கமாக ஆற்றோரம் நிற்கின்றன. தீவைச் சுற்றியுள்ள பழைய தூண்வரிசைகளின் தொடர்ச்சியாகவே அது அமைந்தது. நெஃபர்டிட்டி சிலையைப் பெர்லினுக்கு வழங்கிய வள்ளலின் பெயர் அதற்கு. அவர் யூதர் என்பதால் நாஜிக் காலத்தில் நினைவிலிருந்து அழிக்கப்பட்டவர். தூண்வரிசை என்ற அதே மொழி, அந்தப் பெயரின் கீழ் நிற்கும்போது வேறு பொருள் கொள்கிறது.

லண்டனில் இருப்பதால் முதலில் ராயல் அகாடமி என்ற கலை நிறுவனத்துக்குப் போங்கள். அதன் 250ஆம் ஆண்டான 2018இல், முதுகோடு முதுகாக நின்ற இரண்டு பழைய கட்டடங்களை ஒரு சிறு கான்கிரீட் பாலத்தால் இணைத்தார். பாலத்தைவிட, அதுவரை பார்வையாளர் கால் படாத நிலவறைகளின் வழியாக மாணவர் பள்ளியை ஒட்டிப் பாதையைத் திறந்ததுதான் முக்கியம்.

மறுமொழி: நீர்க்கரை

அத்துடன் ஒரு நாள் ரயிலேறி மார்கேட்டுக்கும் போய்வாருங்கள். ஓவியர் டர்னர் தங்கியிருந்த விடுதி நின்ற அதே கடற்கரையில் 2011இல் டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம் திறந்தது. வேறொரு நிறுவனம் கடலுக்குள்ளேயே கட்டுவதாக வரைந்திருந்த திட்டம் செலவு கூடிக் கைவிடப்பட்ட பிறகு, சிப்பர்ஃபீல்டு கரையிலேயே, ஒருபக்கம் சாய்ந்த கூரைகளோடு ஆறு எளிய கூடங்களை நிறுத்தி வடக்கு வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்தார். அதே ஆண்டு யார்க்‌ஷயரில் ஹெப்வொர்த் வேக்ஃபீல்டு கலைக்கூடம் திறந்தது. கால்டர் ஆறு வளையும் இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பத்துச் சாய்ந்த கான்கிரீட் கூடங்கள். சிற்பி பார்பரா ஹெப்வொர்த் பிறந்த ஊர் அது. ஒரு கூடத்துக்கும் இன்னொரு கூடத்துக்கும் சுவர்களின் கோணமும் கூரையின் சரிவும் மாறுவதால், சிற்பத்தின் மேல் விழும் ஒளியும் மாறிக்கொண்டே வருகிறது. படங்களில் அந்தக் கட்டடம் இறுக்கமாகத் தெரியும். அதை நம்பாதீர்கள். நடைபாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்து, உள்ளே போய், மேல்தளத்தில் கருக்கல் வரை இருந்துவிட்டு வாருங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும், ஒவ்வொரு கூடத்திலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் வரைந்துகொண்டால் போதும்.